பெரியம்மாவின் பணத்தை நிர்வகிப்பவர் மீது ஐயம் எழுந்துள்ளது: உறவு முறியாமல் அவரைப் பாதுகாப்பது எப்படி?

கேள்வி – எழுதியவர்: பொழிலி

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மாவுக்கு 78 வயது ஆகிறது. பிள்ளைகள் இல்லை, பெரியப்பா காலமான பின் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது பெரியப்பாவின் தம்பி மகன் (எனக்கு அண்ணன் முறை) துணைக்கு வந்து தங்கினார். மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, இரவில் எழுந்து கைத்தாங்கலாக நடத்திச் செல்வது என எல்லாவற்றையும் அவர்தான் செய்தார், இன்றும் செய்கிறார். நாங்கள் அனைவரும் வெளியூரில் இருப்பவர்கள். ஆகவே நான் கேட்கப்போவது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் எண்ணத்தில் அல்ல.

ஆனால் சில மாதங்களாகப் பெரியம்மாவுடன் தனியாகப் பேசவே முடிவதில்லை. அழைத்தால் அவர்தான் எடுக்கிறார்; ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அருகிலேயே இருக்கிறார். அண்மையில் நேரில் சென்றபோது பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கம்பி உடைந்து நூலால் கட்டப்பட்டிருந்தது; செய்தித்தாளை வரி விடாமல் படிக்கும் பழக்கமுடையவர், இப்போது படிப்பதில்லை. அண்ணன் வெளியே சென்றிருந்த நேரத்தில் பாஸ்புக்கை எடுத்து என் கையில் கொடுத்து, "இதில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லம்மா" என்றார். ஓய்வூதியம் வரவான மறுநாளிலிருந்து, ஒரு நாளில் எடுக்கக்கூடிய உச்சத் தொகை அடுத்தடுத்த நாட்களில் ஏடிஎம் வழியாக எடுக்கப்பட்டிருந்தது. பெரியம்மாவோ வாசற்படி இறங்கியே பல மாதங்கள் ஆகின்றன. முதிர்வுக்கு இன்னும் காலம் இருந்த வைப்பு நிதி ஒன்றும் இடையிலேயே முடிக்கப்பட்டிருந்தது. வங்கியின் குறுஞ்செய்திகள் அண்ணனின் கைபேசிக்குத்தான் போகின்றன.

நான் கிளம்பும்போது பெரியம்மா சொன்ன செய்திதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது: "வீட்டை அவன் பேருக்கு எழுதிவிட்டால் கடைசிவரை பார்த்துக்கொள்வானாம். பவர் பத்திரமும் சேர்த்து எழுத வேண்டுமாம்." எப்போது என்று கேட்டதற்கு, கூடிய விரைவில் என்றார்.

இதை முதியோர் துன்புறுத்தல் என்று சொல்லலாமா, அல்லது ஒரு குடும்பத்தில் இயல்பாக நடக்கும் கொடுக்கல் வாங்கலா? அண்ணனிடம் நேரடியாகக் கேட்டு, அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் பெரியம்மாவை யார் பார்ப்பது என்ற அச்சமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – எழுதியவர்: கைவிளக்கு (முதியோர் நலச் சமூகப் பணியாளர்)

சகோதரி, நீங்கள் எழுதியவற்றுள் பணத்தைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த ஸ்பீக்கர் தொலைபேசியும் நூலால் கட்டிய கண்ணாடியும்தான். பணம் எடுக்கப்பட்டதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். மருந்துக்கும் மருத்துவருக்கும் செலவு உண்டு. ஆனால் ஒரு முதியவர் தன் மனிதர்களோடு தனித்துப் பேச முடியாமல் போவதற்கும், உடைந்த கண்ணாடி மாதக்கணக்கில் சரிசெய்யப்படாமல் இருப்பதற்கும் நியாயமான காரணம் கிடைப்பது அரிது. கண்ணாடி இல்லாதவரால் பாஸ்புக்கையும் படிக்க முடியாது, கையெழுத்திடும் தாளையும் படிக்க முடியாது. பணச் சுரண்டல் நடக்கும் வீடுகளில் பெரும்பாலும் தனிமைப்படுத்தலே முதலில் நடக்கிறது.

இத்தகைய நிலைமை அரிதானது என்று எண்ண வேண்டாம். 28 நாடுகளில் நடந்த 52 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார். உலகச் சுகாதார நிறுவனமும் இந்த அளவையே எடுத்துச் சொல்கிறது. அதில் மனத்தளவிலான துன்புறுத்தல் 11.6 விழுக்காடு, பணச் சுரண்டல் 6.8 விழுக்காடு, கவனிக்காமல் விடுதல் 4.2 விழுக்காடு. செய்பவர் பெரும்பாலும் முகம் தெரியாதவர் அல்லர். கணவனோ மனைவியோ, பிள்ளையோ, உடனிருந்து கவனிப்பவரோதான். அதனால்தான் முதியவர்கள் வாய் திறப்பதில்லை. இருக்கும் ஒரே துணையும் போய்விடுமோ என்ற அச்சம் உங்களுக்கே இருக்கிறது என்றால், அவருக்கு எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதற்காரியமாக அவரைத் தனியாகச் சந்திக்க ஓர் இயல்பான வழியைத் தேடுங்கள். கண் மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்வது நல்ல வழி, கண்ணாடியும் சரியாகிவிடும். அங்கே "அண்ணன் உங்களை ஏமாற்றுகிறாரா?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் உடனே அண்ணனுக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். அதன் பிறகு உண்மை வெளிவராது. "உங்கள் நாள் எப்படிப் போகிறது? வேண்டியதை வாங்கக் கையில் பணம் இருக்கிறதா? யாரையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றினால் பார்க்க முடிகிறதா? வீட்டில் யாரிடமாவது பயம் உண்டா? புரியாத தாள் எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னார்களா?" என்று ஒவ்வொன்றாக, அவர் பதில் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்து கேளுங்கள். மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்பட வேண்டாம்.

மருத்துவரிடம் மறதியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். அல்சைமர் போன்ற நோய்களில் பணக் கணக்கைக் கையாளும் திறன் மிகத் தொடக்கத்திலேயே குறையத் தொடங்கும். பேச்சும் பழக்கவழக்கமும் இயல்பாக இருப்பதால் மற்றவர்களுக்கு அது தெரியாது. அதே வேளையில் எல்லாத் தடுமாற்றமும் மறதிநோய் அன்று. சிறுநீர்த் தொற்று, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவற்றாலும் ஒருவர் குழம்பிப் போகலாம். அவற்றைச் சரிசெய்ய முடியும். எந்த மருந்து உண்மையில் கொடுக்கப்படுகிறது, எது நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் மாத்திரை அட்டைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உடலில் காரணம் சொல்ல முடியாத காயமோ, மேற்கையில் விரல் தடமோ, திடீர் எடைக்குறைவோ, படுக்கைப் புண்ணோ தென்பட்டால் மேலே சொன்ன பொறுமை எதற்கும் இடமில்லை. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, காவல்துறைக்கோ முதியோர் உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும்.

பதில் – எழுதியவர்: பற்றுவரவு (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்)

அம்மா, உடனடியாகச் செய்யக்கூடியதும், பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியதும் வங்கி வேலைதான். அதை எந்தச் சண்டையும் இல்லாமல் செய்யலாம்.

உங்கள் பெரியம்மாவை வங்கிக் கிளைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடக்க இயலாவிட்டால், முதியவர்களின் வீட்டுக்கே வந்து பணி செய்யும் ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள், பல வங்கிகளில் உண்டு. மேலாளரிடம் அவர் சில நிமிடங்கள் தனியாகப் பேச வேண்டும். நீங்களும் வெளியே நில்லுங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் வங்கியின் பார்வையில் நீங்களும் உடன் வந்த ஓர் உறவினர்தான். நல்ல மேலாளர் அண்ணனை எப்படிப் பார்க்க வேண்டுமோ அப்படியே உங்களையும் பார்ப்பார்.

பெரியம்மாவின் விருப்பத்தின் பேரில், வங்கியில் பதிவு செய்த கைபேசி எண்ணை அவருடைய எண்ணுக்கே மாற்றுங்கள். ஓடிபி யார் கைபேசிக்குப் போகிறதோ, நடைமுறையில் கணக்கு அவருடையதுதான். அடுத்ததாக, வீட்டுச் செலவுக்கென்று சிறு கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை தானாக அதற்குப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையை மட்டும் அண்ணனிடம் கொடுக்கலாம். முதன்மைக் கணக்கின் அட்டையை மாற்றி, நாள் வரம்பைக் குறைத்து, அதைப் பெரியம்மாவே வைத்துக்கொள்ளட்டும். வீட்டுச் செலவு தடைப்படாது, அண்ணனின் கௌரவமும் குலையாது, பெரிய தொகை தானாக வெளியேறவும் முடியாது. இதுபோன்ற ஏற்பாட்டில் நேர்மையானவர் நிம்மதி அடைவதைத்தான் நான் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

கூட்டுக் கணக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் ஒருவரைச் சேர்த்துவிட்டால், முழுத் தொகையையும் அவர் ஒருவரே எடுத்துவிடலாம். வங்கி தடுக்க முடியாது. உதவிக்கு ஆள் வேண்டும் என்றால், கணக்கை இயக்க மட்டும் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்து, வேண்டாதபோது திரும்பப் பெறும் வழி இருக்கிறது. நாமினி என்பது வேறு. பெரியம்மா வாழும் காலத்தில் நாமினியால் ஒரு காசும் எடுக்க முடியாது.

இடையில் முடிக்கப்பட்ட வைப்பு நிதியைப் பற்றிக் கேளுங்கள். யார் கையெழுத்திட்ட விண்ணப்பம், பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரம் வங்கியில் இருக்கும். கணக்குக்குரியவர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளின் கணக்கு அறிக்கையையும் அச்சிட்டு வாங்கி, ஓய்வூதியம் வந்த நாள், பணம் எடுத்த நாள், எடுத்த இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். காசோலைப் புத்தகத்தில் அடிக்கட்டை எழுதாமல் கிழிக்கப்பட்ட தாள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெற்றுக் காசோலையில் வாங்கி வைத்த கையெழுத்து பின்னாளில் எழுந்து வரும். காணாமற்போன எண்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தும்படி எழுதிக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஏமாந்த முதியவரின் பெயரும் எண்ணும் ஏமாற்றுக்காரர்களிடையே கைமாறுகின்றன. காவல்துறை அதிகாரி என்றும், பேரன் குரலிலும், இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்றும் அழைப்புகள் வரும். கணினியையோ கைபேசியையோ தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். "யாரிடமும் சொல்லாதீர்கள், இணைப்பைத் துண்டிக்காதீர்கள்" என்பார்கள். அந்தச் சொற்களைக் கேட்டவுடன் இணைப்பைத் துண்டித்துவிட்டு உங்களை அழைக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால், அது அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் வங்கிக்கும் இணையக் குற்றப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும். சில மணி நேரம்தான் அவகாசம்.

பதில் – எழுதியவர்: மூன்றாம்படி (வழக்கறிஞர்)

பத்திரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டை எழுதிக் கொடுக்கும் பேச்சை நிறுத்தி வையுங்கள். "இப்போது வேண்டாம், உடம்பு தேறட்டும்" என்று பெரியம்மா சொன்னாலே போதும். காரணம் விளக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

உயிலும் தானப் பத்திரமும் ஒன்றல்ல என்பதை அவருக்கு நிதானமாக விளக்க வேண்டும். உயில் எழுதினால் வீடு அவருடையதாகவே இருக்கும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். தானமாகவோ செட்டில்மென்ட்டாகவோ பதிவு செய்துவிட்டால் அன்றே உரிமை கைமாறிவிடும். நாளை அதே வீட்டில் அவர் பிறர் தயவில் இருப்பவராகிவிடுவார். கடைசிவரை பார்த்துக்கொள்பவருக்கு வீட்டைக் கொடுக்க விரும்புவது நியாயமான விருப்பம்தான். அந்த விருப்பத்தை உயில் நிறைவேற்றும். கண்டிப்பாக இப்போதே எழுதித்தான் தர வேண்டும் என்றால், வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும் உரிமையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே தெளிவான சொற்களில் இருக்க வேண்டும். இந்தியாவில் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிப்பு மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தின் மூலம் செல்லாததாக்க வழி செய்கிறது. நிபந்தனை பத்திரத்தில் இல்லாத இடங்களில்தான் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

பவர் பத்திரத்தை (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தை)க் கண்டு அஞ்ச வேண்டாம். அதன் எல்லையைக் கண்டுதான் அஞ்ச வேண்டும். ஓய்வூதியம் தொடர்பான பணிகளுக்கு மட்டும், இன்ன வங்கியில் மட்டும், இன்ன தேதி வரை மட்டும் என்று குறுக்கி எழுதலாம். விற்கும், அடமானம் வைக்கும், தனக்கே எழுதிக்கொள்ளும் அதிகாரத்தை வெளிப்படையாக விலக்கலாம். இன்னோர் உறவினருக்கு மாதக் கணக்குக் காட்ட வேண்டும் என்று சேர்க்கலாம். பெரியம்மா தெளிந்த மனத்துடன் இருக்கும்வரை பொதுவாக எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம். ரத்து செய்ததை வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் மட்டும் பழைய தாள் தொடர்ந்து ஓடும். மனத்திறன் இழந்த பிறகும் நீடிக்கும் தனிவகைப் பத்திரம் இங்கிலாந்து போன்ற நாடுகளில் உண்டு. இந்தியச் சட்டத்தில் சாதாரண அதிகாரப் பத்திரம் அந்த நிலையில் முடிந்துவிடும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அங்குள்ள வழக்கறிஞரிடம் இந்த ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்.

ஏற்கெனவே எதிலாவது கையெழுத்து வாங்கியிருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. முதுமையாலோ நோயாலோ ஒருவரைச் சார்ந்திருப்பவரிடமிருந்து, அந்தச் சார்பைப் பயன்படுத்தி அநியாயமான பலன் பெறுவதைத் தகாத செல்வாக்கு என்று சட்டம் சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இதை நேரடியாகவே பேசுகிறது; மேலாதிக்க நிலையில் இருந்தவர் செய்த ஒப்பந்தம் பார்த்த மாத்திரத்தில் நியாயமற்றதாகத் தோன்றினால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் மீதே விழும். அதனால் பெரியம்மா எந்த ஆவணம் எழுதினாலும், பயன்பெறுபவர் அழைத்து வராத தனி வழக்கறிஞர், பயன்பெறாத சாட்சிகள், அதே நாளில் பெற்ற மருத்துவச் சான்று ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். நீங்கள் பயன்பெறும் ஆவணம் என்றாலும் இதுவே பொருந்தும்.

பதில் – எழுதியவர்: இரவுக்காவல்

இங்கே எழுதிய மூவரும் நல்லதையே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் படுத்த படுக்கையாக இருக்கும் தந்தையைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் மகன் என்ற முறையில் அந்த அண்ணனின் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன். அவருக்குச் சம்பளம் உண்டா? அவர் விட்டுவிட்டு வந்த வேலை என்ன? இரவில் எழுப்பப்படாமல் அவர் கடைசியாக உறங்கியது எப்போது? இவற்றை உங்கள் குடும்பத்தில் யாராவது கேட்டதுண்டா? தொலைவிலிருந்து நன்றி சொல்பவர்கள், பணம் குறைந்தவுடன் மட்டும் பாஸ்புக்கைப் புரட்டுவது கவனிப்பவருக்குத் தீராத வலி.

அவர் எடுத்தது சரி என்று நான் சொல்லவில்லை. கூலி பேசாத வேலையில், எடுத்துக்கொள்வது கூலியா களவா என்று அவருக்கே குழம்பிப் போயிருக்கலாம். அவர் பணிக்கு மாதம் இவ்வளவு என்று பெரியம்மாவின் சம்மதத்தோடு பேசி, எழுதி, கையெழுத்திட்டு, வெளிப்படையாகக் கொடுங்கள். மாதத்தில் சில நாட்கள் வேறொருவர் வந்து அவரை விடுவியுங்கள். இவ்வளவு செய்த பிறகும் அவர் கணக்குக் காட்ட மறுத்தால், உங்கள் ஐயத்துக்கு விடை கிடைத்துவிடும்.

மறுமொழி – எழுதியவர்: பொழிலி

நால்வருக்கும் என் நன்றி. சம்பளத்தைப் பற்றி எங்களில் எவரும் பேசியதே இல்லை என்பது உண்மை. அதை என் அண்ணன்மார்களிடம் இன்றே எடுத்துச் சொல்கிறேன். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நாள் குறித்துவிட்டேன், அதே பயணத்தில் வங்கிக்கும் செல்லலாம் என்றிருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும், நீ ஒன்றும் செய்யாதே" என்று பெரியம்மா சொல்லிவிட்டால் நான் என்ன செய்வது?

பதில் – எழுதியவர்: கைவிளக்கு

சகோதரி, அப்படிச் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். அப்போது மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: நடப்பது அவருக்குப் புரிகிறதா, அச்சமில்லாமல் சொல்கிறாரா, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருக்கிறதா. புரிந்து, அஞ்சாமல், தனியாக இருக்கும்போதும் அதையே சொல்கிறார் என்றால், தன் பணத்தைத் தான் விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒருவர் எடுக்கும் முடிவு விவேகமற்றதாகத் தோன்றுவதால் மட்டுமே அவர் முடிவெடுக்கும் திறனற்றவர் ஆகிவிடமாட்டார் என்று இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. அந்த நாட்டில் இல்லாதவர்களும் பின்பற்றத்தக்க நெறி அது. அவரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அட்டையையும் பாஸ்புக்கையும் நீங்கள் பிடுங்கி வைத்துக்கொண்டால், அவரைப் பொறுத்தவரை ஆள் மாறியதே தவிர நிலை மாறவில்லை.

புரியவில்லை என்றாலோ, பதில் சொல்லும்போது கதவைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார் என்றாலோ, அந்தச் சம்மதத்தை முழுச் சம்மதமாகக் கொள்ள முடியாது. மனத்திறன் மதிப்பீட்டுக்கு மருத்துவரை நாடுங்கள்; முதியோர் நலத் துறையின் அலுவலர் ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். புகார் என்று எழுதாமல், "ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்" என்றும் கேட்டுப் பார்க்கலாம். மறுத்துவிட்டார் என்பதற்காகப் அவர் வீட்டுக்குப் போய்வருவதை மட்டும் குறைத்துவிடாதீர்கள். மாதந்தோறும் யாராவது ஒருவர் நேரில் செல்லும்படி உங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள், சென்றவர் கண்டதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். இன்று வேண்டாம் என்று சொன்னவர் பின்னொரு நாள் தானாகவே பாஸ்புக்கை எடுத்துக் கொடுப்பார். முதன்முறை உங்களிடம் கொடுத்ததும் அப்படித்தானே.